அரை மணி நேரத்துக்கு மேல்

சாஸ் கம்பெனியின் மேற்பார்வையாளர் எலும்பெல்லாம் வெண்ணெயாக இளகிப்போய், தன் வீட்டுச் சமையலறைக்கு அடுத்த அறையில் ஒரு குளியல் தொட்டியில் கிடக்கிறார். வாய் மட்டும் இளகவில்லை. அது எதில் ஊறினாலும் இளகாத வாய்.

அவர் மனைவி செய்த கலவையில் மர்மம் ஒன்றும் கிடையாது. மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு வினிகர், நசுக்கிய பூண்டு, கொஞ்சம் கடுகு விழுது, உப்பு. ஜாடியில் போட்டு மூடியைத் திருகிக் குலுக்குவாள், அவ்வளவுதான். நறுக்கிய காய்கள் மேல் ஊற்றினால் சாலட். இறைச்சியில் தடவி அரை மணி நேரம் வைத்தால் செருப்புத் தோல் மாதிரிக் கிடந்த துண்டும் பஞ்சாகிவிடும். சாப்பிட்டவர்களும் கூடவே இளகினார்கள். காலி செய்யச் சொல்லிக் கத்த வந்த வீட்டுக்காரர் ஒரு தட்டு தின்றுவிட்டு, ஒழுகும் கூரைக்கு மன்னிப்புக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். தெருக்காரர்கள் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் தொல்லை உள்ளவர்கள் கிண்ணத்தோடு வந்து வாங்கிப் போனார்கள். கல்யாணமான நாளிலிருந்து வேளை தவறாமல் தின்றும் இளகாதவர் அவள் புருஷன் ஒருவர்தான்.

"நாலு சாமானைப் போட்டுக் குலுக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஏப்பம் விட்டுக்கொண்டே கேட்பார். அந்த நாலு சாமானைத்தான் முதலாளியிடம் போய்த் தன் கண்டுபிடிப்பு என்று கூசாமல் சொன்னார். இனி தன் வீட்டில்கூட யாரும் அதைச் செய்யமாட்டார்கள் என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார். அவளோ அந்தக் கலவையை நம்பித் தெருமுனையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடம் பார்த்து வைத்திருந்தாள்.

"அப்ப என் கடை?"

"உனக்கெதுக்குடி கடை? அளவைச் சொல்லு."

ஒளிக்காமல் சொன்னாள். "அரை மணி நேரத்துக்கு மேல ஊறக்கூடாதுங்க. வினிகர் கறியையே தின்னுடும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

அரை மணியில் இவ்வளவு மிருது என்றால் இரண்டு நாளில் எவ்வளவு என்று அந்த மூளை கணக்குப் போட்டது. வினிகரை இரட்டிப்பாக்கி, கம்பெனியில் பெரிய பீப்பாய் நிறையக் கறியைப் போட்டு, வார விடுமுறை முழுக்க ஊறட்டும் என்று உத்தரவிட்டார். வாசனை பார்க்கக் குனிந்தவர் தலைகுப்புற உள்ளே விழுந்தார். ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஐயா ஏதோ சோதனை செய்கிறார், கூப்பிட்டால் கத்துவார் என்று பயந்து, பீப்பாயை மூடிவிட்டு மரியாதையாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பேர்ப்பட்ட தைரியசாலிகளைத்தான் அவர் பார்த்துப் பார்த்து வேலைக்கு வைத்திருந்தார். விடுமுறை முடிந்து முதலாளி மூடியைத் திறந்தபோது கறி கூழாகியிருந்தது. கூழுக்கு நடுவிலிருந்து, "தாமதமா வந்தவன் எவன்டா?" என்று குரல் வந்தது. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். இந்தக் கண்டுபிடிப்பும் வேண்டாம், கண்டுபிடித்தவரும் வேண்டாம் என்று சொல்லி, இரண்டையும் சேர்த்து வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்.

வெளியே எடுத்தால் காய்ந்து வெடித்துவிடுவார், ஊறலிலேயே கிடக்கட்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முன்பு சோபாவில் கிடந்தவர் இப்போது தொட்டியில் கிடக்கிறார். வீட்டில் வேறு மாற்றம் தெரியவில்லை. தெருமுனைக் கடையில் மதியம் உட்கார இடம் கிடைப்பதில்லை. முதலாளியே வாரம் ஒருமுறை வந்து சாப்பிட்டுவிட்டு, ஆட்களுக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறார்.

தினமும் காலையில் அவள் ஜாடியைக் குலுக்கி முடித்ததும், அவர் தொட்டியில் இருந்தபடியே நாக்கை நீட்டுவார். ஒரு சொட்டு விடுவாள்.

"உப்பு கம்மி," என்பார்.

ஒரே பக்கம் ஊறக்கூடாதே என்று அவரைப் புரட்டிப் போட்டு, தொட்டியின் மேல் ஒரு மூடியைச் சாத்திவிட்டு, அவள் கடை திறக்கப் போவாள்.