எண்பத்து மூன்றாம் நாள்

“போனைக் கீழ வையேன், மணி ஒன்பதாகப் போகுது” என்றார் அவர், காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டே. மோடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பெட்டி மணிக்கொரு தரம் இணைய வேகத்தை அளக்கும். அந்த நேரத்தில் நான் வீடியோ பார்த்தால் அளவு கெட்டுவிடுமாம்.

“சக்களத்தி இருக்கிற வீட்டுல எனக்கென்ன அதிகாரம்?” என்றேன், பெட்டியைக் காட்டி.

“அவ எதிர்த்துப் பேச மாட்டா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அலுவலகப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இணைய நிறுவனங்கள் சொன்ன வேகத்தைத் தருகின்றனவா என்று பார்ப்பதுதான் அரசு அலுவலகத்தில் அவர் வேலை. எங்கள் தெருவுக்குச் சொன்னது நாற்பது. சாயங்காலம் ஏழு மணிக்கு வருவது ஒன்பது. “உங்க வீட்டு வயர் சரியில்லை” என்று நிறுவனம் சாதித்தது. தொடர்ந்து தொண்ணூறு நாள் அளவு இருந்தால் தெரு முழுமைக்கும் சரிசெய்யச் சொல்லி உத்தரவு போடலாம். பெட்டி வைத்துக்கொள்ள வேறு வீட்டார் யாரும் சம்மதிக்காததால் அது எங்கள் கூடத்துக்கு வந்தது. அவர் போன அன்று எண்பத்து மூன்றாம் நாள்.

பெட்டிக்கு மேல் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். பிளக்கைப் பிடுங்கினால் நேரமும் காரணமும் எழுதி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிறுவனத்தின் இணைப்பு அறுந்ததாகக் கணினி பதிந்துகொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நாமே பிடுங்கியிருந்தால், அதைச் சொன்ன மறுநாளிலிருந்து கணக்கு மறுபடி ஒன்று. நோட்டில் இருந்தது ஒரே வரி, அவர் கையெழுத்தில்: ‘தூசி தட்ட, நான்கு நிமிடம்.’

அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது கொழுந்தன் மேசை விசிறிக்காக ஒரு பிளக்கைப் பிடுங்கினான். மறுநாள் விசிறியை நகர்த்தும்போதுதான் அது எந்த பிளக் என்று பார்த்தேன். பெட்டியை மறுபடி மாட்டினேன்; நோட்டில் எழுதத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவருடைய பக்கத்து மேசைப் பெண் போன் செய்தாள்.

“அக்கா, தொண்ணூறு முடிஞ்சுது. நடுவுல பதினோரு மணி நேரம் லைனே இல்ல. கம்பெனிக்காரன் வசமா மாட்டினான். நாளைக்கு உத்தரவு.”

“என்னைக்கு?”

அவள் தேதியைப் பார்த்துச் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

“லைன் போகலைம்மா. நாங்கதான் பிடுங்கினோம்.”

“அக்கா… இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சொல்லிட்டா சார் உழைப்பு மொத்தமும் போயிடும்.”

“அவர் நாலு நிமிஷத்தையே எழுதி வச்சிருக்காரு.”

நோட்டை எடுத்து அவர் வரிக்குக் கீழே எழுதினேன்: ‘விசிறிக்காக, பதினோரு மணி நேரம்.’ விஷயம் கேள்விப்பட்டு வந்த கொழுந்தன் வாசல்படியிலேயே நின்றான்.

“அண்ணன் வேலைய நானே கெடுத்துட்டேனா அண்ணி?”

“விசிறி இல்லாம அன்னைக்கு உட்கார முடிஞ்சிருக்காது. உள்ள வா.”

மறுநாளிலிருந்து அலுவலகத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். மணியடிக்கும் நேரத்தில் போனைக் கீழே வைத்துவிடுகிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு வேகம் ஒன்பதுதான்.