சத்தமில்லாத இரண்டு நிமிடம்

செருப்பால் நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் வீடு திரும்புவது என்ற முடிவோடு அந்தப் படத்துக்குப் போனேன். அடி வாங்க வேண்டியவர் எங்கள் பழைய சங்கச் செயலாளர்.

படம் எங்கள் மில் தொழிலாளர் தலைவரின் வாழ்க்கை. கதை, செயலாளர் எழுதிய புத்தகம். வேலைநிறுத்தம் நடந்தபோது தலைவர் ஒருநாள் பின் கேட் வழியாகத் தனியாக வந்தார். அங்கே காத்திருந்த அடியாட்கள் அவரை அடித்தே கொன்றார்கள். அவர் வரும் வழியை நிர்வாகத்துக்குப் போட்டுக்கொடுத்தது என் புருஷன் என்று அப்போதே புரளி கிளம்பியது. செயலாளர் பிறகு அதைப் புத்தகத்திலும் ஏற்றினார். சாகும்வரை பதினாறு வருஷம் என் புருஷனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அம்மா, அங்க வந்து மானத்த வாங்கிடாத," என்றாள் மகள்.

"அது போய் நாப்பது வருஷம் ஆச்சுடி. இனிமே வாங்க என்ன இருக்கு?"

பழைய தொழிலாளர்களுக்கு இலவசக் காட்சி, காலை பதினொரு மணிக்கு. முந்நூறு கிழடுகள் வந்திருந்தோம். செயலாளர் முதல் வரிசை நடுவில், டைரக்டர் பக்கத்தில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எங்கள் தலைவர் ஐந்தடி, மூச்சிரைப்பு வேறு. படத்தில் வந்தவன் ஆறடி. பஞ்சு குடோனில் கதாநாயகியோடு கட்டிப்பிடித்து ஆடினான். அந்த குடோனில் நாங்கள் இருமியதைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை.

பிறகு, தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டூல் மேல் ஏறி நின்று முழங்கினான். கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. இருநூறு தறி ஓடும் இடத்தில் இடியே விழுந்தாலும் கேட்காது. நாங்கள் குரல் எழுப்பாமல் வாயை மட்டும் அசைப்போம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். சண்டை, காதல், வீட்டுக் கதை எல்லாம் அப்படித்தான். மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதே அவரைக் கண்டபடி திட்டுவோம்; அவர் சிரித்துக்கொண்டே போவார். தலைவர் சங்கத்தைக் கட்டியதே அப்படித்தான். படம் எடுத்த புண்ணியவான்களுக்கு அது தெரியவில்லை.

இடைவேளைக்குப் பிறகு என் புருஷன் வந்தார். குடிகாரனாக, மாறுகண்ணோடு. மனுஷன் சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. திரையில் அவர் மேனேஜர் காதில் கிசுகிசுத்தபோது அக்கம்பக்கத்தில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

படம் முடிந்ததும் திரையில் எழுத்து வந்தது: தலைவர் இறப்பதற்கு முந்தைய நாள் எடுத்த உண்மைக் காட்சி, மில் ஆபீஸ் பெட்டியில் கிடைத்தது. கறுப்பு வெள்ளை, சத்தம் கிடையாது. லாரி மேல் தலைவர். கீழே இளவயதில் நாங்கள், அவரையே பார்த்துக்கொண்டு. கேமரா மட்டும் பக்கவாட்டில் திரும்பியது. அங்கே, காருக்குப் பக்கத்தில், செயலாளர் மேனேஜரிடம் மனு கொடுத்துக்கொண்டிருந்தார். முகம் பெரிதாக வந்தது. உதடு அசைந்தது.

'நாளைக்குக் காலையில பின் கேட் வழியா வருவான். தனியாத்தான்.'

என் கண்தான் பொய் சொல்கிறதோ என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பாபின்காரி, மில்லில் என்னோடு தறிக்கு நூல் பாபின் போட்டவள், நெஞ்சில் கைவைத்து என்னைப் பார்த்தாள். அவளும் அந்த உதட்டைப் படித்துவிட்டாள். கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை.

எல்லோரும் உருகிவிட்டோம் என்று நினைத்த டைரக்டர் மைக்கோடு என்னிடம் வந்தார். "எப்படிம்மா இருந்துச்சு?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். "கடைசித் துண்டு பிரமாதம் தம்பி. இன்னொரு தடவ போடுங்க."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போடச் சொன்னார். செயலாளர் எழுந்து நழுவப் பார்த்தார். டைரக்டர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க ஐயா, இப்ப நீங்கதான் வர்றீங்க!"

இரண்டாம் முறை படிக்காதவர்கள் யாரும் இல்லை.

விளக்கு போட்டார்கள். நான் முன்னால் போய் செயலாளர் எதிரில் நின்றேன். குரல் எழுப்பாமல், ஒவ்வொரு எழுத்தாக, அவர் சொன்னதையே அவருக்குச் சொன்னேன். அவரும் இருபது வருஷம் தறி ஓட்டியவர், புரியாமல் போகுமா? முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கத்தில் வந்து பாபின்காரியும் அதையே வாயசைத்துச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று. முந்நூறு வாய் அசைந்தது. மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

"என்னாச்சு? ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?" என்று டைரக்டர் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

செயலாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எங்கள் ஆட்களுக்குக் காதைப் பொத்துவது என்றால் அதுதான்.

"அம்மா, போதும், வா போலாம்," என்று மகள் என் தோளைத் தொட்டாள்.

"இருடி," என்றேன். எவ்வளவு நேரம்தான் மூடியிருப்பார்? என் புருஷன் பதினாறு வருஷம் காத்திருந்தார். அவர் பெண்டாட்டி நான், ஒரு நாற்காலியை இழுத்து செயலாளர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன்.