ஒன்பதாவது கட்டம்

சீனியர் செக்லிஸ்ட் காகிதத்தைக் காரின் பானெட் மேல் விரித்து, பேனாவையும் திறந்து கொடுத்தார். கான்கிரீட் போடும் முன் பார்க்க வேண்டிய பதினான்கு கட்டங்கள். எல்லாவற்றிலும் ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதுபோல டிக் விழுந்திருந்தது. கீழே சைட் இன்ஜினியர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"நான் எல்லாம் பாத்துட்டேன்மா. நீ கையெழுத்து மட்டும் போட்டுடு. லாரி வந்து நிக்குது பாரு."

அவள் வேலைக்குச் சேர்ந்து அன்றோடு இருபத்து மூன்று நாள். சீனியர் கெட்டவர் இல்லை. முதல் நாள் அவள் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட்டை ஸ்டோர் முழுக்கத் தேடி எடுத்து வந்தவர். திட்டுகிறவராக இருந்திருந்தால் மறுக்க ஒரு வேகமாவது வந்திருக்கும். "ஒரு தடவை நானும் பாத்துட்டு…" என்று தொடங்கியவள், அவர் முகத்தில் லேசாக ஒரு சலிப்பு ஓடியதைக் கண்டதும் மீதியை விழுங்கிக்கொண்டாள்.

காலையில் அக்கா போனில் சொன்னதும் காதிலேயே இருந்தது. "முதல் ஆறு மாசம் நீ ஒரு நாற்காலி. நாற்காலி பேசுமா? பேசாதுல்ல? தெரியலைன்னா தனியா கூப்பிட்டுக் கேளு. நாலு பேர் முன்னாடி யாரையும் தப்புன்னு சொல்லிடாத. எனக்கு ஆனது உனக்கு ஆக வேண்டாம்டி."

அக்காவும் இதே படிப்புதான். முதல் வேலையில், எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில், கணக்கு தப்பு என்று எழுந்து சொன்னாள். கணக்கு தப்புதான். அடுத்த வாரமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஒன்றரை வருஷம் அவள் அறைக்கதவு சாத்தியே கிடந்தது. கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்தபடி, சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சத்தமில்லாமல் அழ முயல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் இவள்.

கையெழுத்தைப் போட்டாள். பம்ப் உறுமியது. முதல் மாடித் தளத்தின் பலகைமேல் சாம்பல் குழம்பாகக் கான்கிரீட் கொட்டத் தொடங்கியது.

இரண்டாவது லாரி வந்தபோதுதான் அது உறைத்தது. மேலே தளத்தின் ஓரத்தில் நின்று நகல் காகிதத்தை மடித்துப் பையில் வைக்கும்போது ஒன்பதாவது கட்டம் கண்ணில் பட்டது. பலகையைத் தாங்கும் முட்டுகள் உறுதியான தரையில் நிற்கின்றனவா? நாலு நாள் முன்பு குழாய்க்காரர்கள் தரைத்தளத்தின் குறுக்கே பள்ளம் தோண்டிக் குழாய் பதித்து, மண்ணைத் தள்ளி மூடியதை அவளே நின்று பார்த்திருந்தாள். முந்தின நாள் முழுக்க மழை. சீனியர் பார்த்திருப்பார் என்று சொல்லிக்கொண்டாள். பார்த்திருப்பார். கால்கள் என்னவோ கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

தளத்தின் அடியில் பகலிலும் இருட்டு. இரும்பு முட்டுகள் நெருக்கி நட்ட மரங்கள்போல நின்றன. தலைக்கு மேலே டன் கணக்கில் ஈரக் கான்கிரீட் பரவுகிற சத்தம்; பலகை இடுக்குகளில் சிமெண்டுத் தண்ணீர் சொட்டி அவள் கழுத்தில் விழுந்தது. காவலுக்கு உட்கார்ந்திருந்த சென்ட்ரிங் ஆட்கள் இருவரும் எழுந்தார்கள்.

"இங்க எதுக்கும்மா வந்தீங்க?" என்றார் மூத்தவர்.

அவள் பள்ளத்தை மூடிய இடத்தில் மண் நிறம் மாறியிருந்த கோட்டைத் தேடிப் போனாள். முதல் முட்டைப் பிடித்தாள். சுமை ஏறிய முட்டு பாறை மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். அது அவள் கைக்குள் பம்பரம்போலச் சுழன்றது. அடுத்ததும் சுழன்றது. அதற்கடுத்ததன் அடித்தகடு சேற்றில் பாதி புதைந்திருந்தது.

"அது அப்பப்ப லூசாகும்மா. இப்ப டைட் பண்ணிடறேன்." அவர் திருகினார். முட்டு மேலே ஏறவில்லை. தகடுதான் இன்னும் கொஞ்சம் மண்ணுக்குள் போனது. அவர் கை நின்றது. அண்ணாந்து பலகையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். எங்கோ ஒரு மரச்சட்டம் மெல்ல முனகியது.

"ரெண்டு பேரும் வெளிய வாங்க." அவள் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் அவர்கள் ஓடத் தொடங்கியிருந்தார்கள்.

வெளியே வந்து சீனியருக்குப் போன் செய்தாள். பார்த்ததைச் சொன்னாள். அவர் அதே கனிவோடு, "பதறாத. பாதியில நிறுத்தினா தளமே வீணாயிடும். நீதான் கையெழுத்து போட்டிருக்க, அத ஞாபகம் வச்சுக்கோ. நான் வந்து பாக்குறேன்" என்றார்.

மேலே எட்டுப் பேர் கான்கிரீட்டுக்குள் கணுக்காலளவு நின்று அதை இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் பம்ப் ஆபரேட்டரிடம் ஓடினாள். "நிறுத்துங்க." அவன் காதைக் காட்டினான். "நிறுத்துங்க!" மூன்றாவது முறை கத்தியபோது குரல் உடைந்து கீச்சென்றது. பம்ப் நின்றது. அந்த அமைதியில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"யார் நிறுத்தச் சொன்னது?" என்றான் ஆபரேட்டர்.

"நான்தான். செக்லிஸ்ட்ல இருக்கறது என் கையெழுத்து. எல்லாரையும் இறங்கச் சொல்லுங்க. ஓரமா, ஒவ்வொருத்தரா."

கடைசி ஆள் ஏணியை விட்டுக் காலை எடுக்கும்வரை அவள் இறங்குகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். சீனியர் வந்தார், அவளைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் சைட் மேனேஜர் வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் தளத்தின் அடியில் நுழைந்தார். உள்ளே அவர் முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிற சத்தம் வெளியே கேட்டது. டங். டங். டங். பிறகு சொத்தென்று ஒன்று. இன்னொன்று. வெளியே வந்தபோது அவர் முழங்கால் இரண்டிலும் சேறு.

"பலகை கொண்டாங்க. முட்டு அம்பது எக்ஸ்ட்ரா. வெளிப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இதப் பாக்காமலேயா காலைல கையெழுத்து போட்ட?"

"ஆமா சார்."

"நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆபீசுக்கு வா."

அவ்வளவுதான். நல்லது செய்தாய் என்றோ, தொலைந்து போ என்றோ அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை. சீனியர் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில், "புதுப் பொண்ணு… ஆமா, அவதான் சைன் பண்ணா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

தளம் விழவில்லை. முட்டுக் கொடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. பயன்படாமல் போன ஒரு லாரிக் கான்கிரீட்டைப் பின்பக்கக் காலி இடத்தில் கொட்டிவிட்டிருந்தார்கள். பையில் போன் அதிர்ந்தது, அக்காவாக இருக்கும். எடுத்தால் அழுதுவிடுவாள், அல்லது அக்கா அழுதுவிடுவாள். அவள் அந்தக் குவியலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதன் மேற்பரப்பு இறுகத் தொடங்கியிருந்தது. இறுகும்போது கான்கிரீட் சூடாகும் என்று பாடத்தில் படித்திருக்கிறாள்; தொட்டுப் பார்த்ததில்லை. உள்ளங்கையை மெல்ல அதன்மேல் வைத்தாள். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றிபோல அது சுட்டது.