பதினாலாவது நாற்காலி

ஜூலை கடைசியில் நிலக்கரிச் சுரங்கத்தை விடுமுறைக்குப் பூட்டினால் இரண்டு வாரம் கழித்துத்தான் திறப்பார்கள். அந்த இரண்டு வாரமும் பள்ளத்தாக்கே காலியாகிவிடும். எல்லோரும் போர்த்கால் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். போன இடத்திலும் தெருவைக் கலைக்க மாட்டார்கள். ஊரில் யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடோ, தங்குகிற கேரவன் வண்டிகளின் வரிசையிலும் அப்படியேதான். மணலில் போடுகிற சாய்வு நாற்காலிகள்கூட வீட்டு எண் வரிசைப்படி இருக்கும். மாறி உட்கார்ந்தால் யாருக்கும் இருப்புக்கொள்ளாது.

கைன்வென் அந்த வருஷம் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். அவள் புருஷன் ஹேடன் பிப்ரவரியில் சுரங்கத்துக்குள் கூரை சரிந்து செத்துப்போயிருந்தான். பக்கத்து வீட்டு கிளாடிஸ்தான் விடவில்லை.

"தெருவுல நீ மட்டும் தனியா உக்காந்து என்னடி பண்ணப் போற? பேச்சுத் துணைக்குப் பூனைகூட இருக்காது. மென்னாவுக்காகவாவது கெளம்பு."

மென்னாவுக்காகத்தான் வந்தாள். பதினொரு வயது. பிப்ரவரியிலிருந்து அந்தப் பெண் 'அப்பா' என்று வாய் திறந்து ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அழவும் இல்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். கைன்வென்னாவது பேச்சை எடுக்கலாம் என்றால், ஆரம்பித்த பேச்சு வீட்டுப்பாடத்தில் போய் முடிந்தது. கடலைப் பார்த்தாலாவது பிள்ளை ஏதாவது சொல்லும் என்று ஒரு நம்பிக்கை. வருஷா வருஷம் அப்பாவும் மகளும்தான் முதலில் தண்ணீருக்கு ஓடுவார்கள்.

ஆனால் தெருக்காரர்கள் வேறொரு முடிவோடு வந்திருந்தார்கள். கைன்வென் முன்னால் ஹேடன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. பஸ் ஏறுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள். நல்ல மனசோடுதான். ஆனால் ஹேடன் இல்லாத கதை அந்தத் தெருவில் ஏது? யாராவது சிரித்துக்கொண்டே ஒரு கதையை ஆரம்பிப்பார்கள், பாதியில் அவன் வந்து நிற்பான், உடனே "சரி, டீ போடட்டுமா?" என்று எழுந்துவிடுவார்கள். முதல் மூன்று நாளும் மழை. கேரவன் தகரத்தில் மழை அடிக்க அடிக்க, கைன்வென் நாற்பது டீ குடித்திருப்பாள். பெயர் மட்டும் காதில் விழவில்லை.

நாலாம் நாள் வெயில் வந்தது.

நாற்காலி போடுவது கிளாடிஸின் புருஷன் ட்ரெவரின் வேலை. பதினேழு வருஷம் நிலத்துக்கடியில் ஹேடனின் ஜோடி அவன். வாடகைக் கொட்டகையிலிருந்து கைக்கு இரண்டாகத் தூக்கி வந்து, விடியற்காலையிலேயே வரிசையாக விரித்து வைத்துவிடுவான். கைன்வென் சாப்பாட்டுக் கூடையோடு மணலில் இறங்கியபோது, ட்ரெவர் முகம் செத்து நின்றுகொண்டிருந்தான்.

பதிமூன்று இருக்கவேண்டிய இடத்தில் பதினாலு நாற்காலி.

அவளுடையதற்கும் ட்ரெவருடையதற்கும் நடுவில் ஒன்று. சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட துணி. சாய்வு எப்போதும் போல ஒரு படி கூடுதலாக, ஹேடன் காலை நீட்டுகிற மாதிரி.

"பழக்கத்துல... கை தானா போட்டிருச்சு, கைன்வென்," என்றான் ட்ரெவர். அவசரமாக மடக்கப் பார்த்தான்.

"வுடு ட்ரெவர். இருக்கட்டும்."

"இல்லம்மா, நான்..."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல?"

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதிலேயே காலை முழுக்கப் போயிற்று. துண்டு போட, செருப்பு வைக்க இடம் தேடினார்கள், ஆனால் அதன்மேல் யாரும் எதையும் வைக்கவில்லை. கடற்காற்று அடிக்கும்போது துணி பின்பக்கமாகப் புடைத்தது. ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே. மென்னா தண்ணீருக்குப் போகவில்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். தக்காளி வைத்த ரொட்டியில் மணல் நறநறத்தது. அதைப் பற்றிக்கூட யாரும் குறை சொல்லவில்லை.

மத்தியானம், கையில் டீத் தட்டோடு ஒரு பருத்த ஆள் வந்தார். வேறு பள்ளத்தாக்குச் சுரங்கக்காரர். வெயிலில் மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, இங்க யாராச்சும் உக்காந்திருக்காங்களா? கொட்டகையில ஒரு நாற்காலிகூட இல்ல. எங்க வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி."

கைன்வென் வாயைத் திறந்தாள். இருக்கிறார் என்பதா, இல்லை என்பதா? பக்கத்தில் ட்ரெவர் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது எங்க அப்பாவோடது," என்றாள் மென்னா.

வரிசையே திரும்பியது.

"அப்படியா கண்ணு! தண்ணிக்குப் போயிருக்காரா? வர்ற வரைக்கும் சும்மா கொஞ்ச நேரம்..."

"இல்ல. அவரு செத்துட்டாரு. ஹேடன் ப்ராசர். பிப்ரவரியில."

அந்த மனிதர் கையில் இருந்த தட்டில் கோப்பைகள் கிணுகிணுவென்று ஆடின. தொப்பியைக் கழற்றக் கை இல்லாமல் தலையை மட்டும் குனிந்தார். "எங்க பக்கமும் இந்த வருஷம் ரெண்டு பேரு, கண்ணு," என்றார். வந்த வழியே மெதுவாகப் போனார்.

பிறகு ட்ரெவர்தான், தரையைப் பார்த்தபடியே, ஆரம்பித்தான்.

"ஒரு வருஷமாச்சும் அவன் இதை ஒழுங்கா விரிச்சிருக்கானா? விரலை நசுக்கிக்குவான், நாற்காலியைத் திட்டுவான், கடைசியில நான்தான் விரிச்சுக் குடுக்கணும்."

"ஒரு தடவ தலைகீழா விரிச்சு, அது மேலயே உக்காந்தானே!" என்றாள் கிளாடிஸ். "அன்னைக்கு பாதிரியார் வேற பாத்துட்டாரு."

"பாத்தாரா? அவர் மடியிலதான விழுந்தான்!" என்றான் ட்ரெவர்.

யாரோ சிரித்தார்கள். ட்ரெவரும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "அத்தனை பெரிய கூரைக்கு முட்டுக் குடுக்கத் தெரிஞ்சவன், நாலு குச்சி..." என்றவன், அப்படியே நின்றுவிட்டான். கூரை என்ற சொல் வாயை விட்டு வந்தாகிவிட்டது. திரும்ப எடுக்க முடியாது.

கைன்வென் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாலு குச்சி நாற்காலியை விரிக்கத் தெரியல ஹேடனுக்கு," என்றாள். "முழுசா சொல்லு ட்ரெவர். நான் அதைக் கேக்கத்தான் ஆறு மாசமா உக்காந்திருக்கேன்."

அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. மென்னா எழுந்து போய் அந்த நாற்காலியில் ஏறிப் படுத்தாள். அது அவளுக்கு ரொம்பப் பெரிது, கால் தரைக்கு எட்டவில்லை. துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் கைன்வென் அவள் முதுகில் கை வைத்திருந்தாள். யாரும் டீ போட எழுந்து போகவில்லை. ஒருத்தர் விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தர் ஹேடனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சிலது பொய், கைன்வென்னுக்குத் தெரியும். அதையும் கேட்டாள்.

கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. பெயரைச் சொல்லாத வரைக்கும் அவன் தண்ணீருக்குப் போயிருக்கிற மாதிரி ஒரு இடம் மனசில் எங்கோ இருந்தது. இப்போது எல்லோரும் 'இருந்தான்', 'பண்ணினான்' என்றுதான் சொன்னார்கள். இனி அவன் தலையைத் துவட்டிக்கொண்டு மணலில் ஏறி வரப்போவதில்லை.

சாயங்காலம் கொட்டகைக்காரர் விசில் ஊதினார். ட்ரெவர் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தான். கைன்வென் பக்கத்தில் வந்தபோது தயங்கினான்.

"நாளைக்கும் வெயில்தானாம்," என்றான்.

"ம்."

"எத்தனை போடட்டும்?"

மென்னா அம்மாவைப் பார்த்தாள். கடல் ரொம்ப தூரம் உள்வாங்கியிருந்தது. தண்ணீரில் யாருமே இல்லை.

"பதிமூணு," என்றாள் கைன்வென்.

ட்ரெவர் தலையாட்டினான். மற்றதையெல்லாம் கைக்கு இரண்டாகக் கொண்டு போனவன், கடைசியில் அந்த ஒன்றுக்காக மட்டும் தனியாகத் திரும்பி வந்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனான்.