யோகம்மாவின் நெற்றி

யோகம்மாவின் கண் இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, கண் மருத்துவர் ஷரீஃபா இமைகளைச் சுற்றியும் புருவங்களுக்கு நடுவிலும் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போட்டார். நெற்றிக் கோடும் போய்விடும், சிலர் அழகுக்காகவே போட்டுக்கொள்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். யோகம்மா அழகைக் கேட்டுப் போகவில்லை.

கண் திறந்தது. கோடும் போயிற்று.

சில வாரங்களில் பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து வாசு தன் தாய் நல்லம்மாளுடன் பெண் கேட்டு வந்தான். ஜுருவில் கார் விற்பவன். யோகம்மா வீட்டாரைப் போல யாழ்ப்பாணத்தார் அல்லர். யோகம்மாவின் மகள் செல்வநாயகி அவனைத்தான் கட்டுவேன் என்றிருந்தாள். யோகம்மா தரமாட்டேன் என்றிருந்தாள்.

அந்த வீட்டில் வந்தவர்களை வாயால் மறுப்பதில்லை. அது மரியாதைக் குறைவு. தேநீர் வைத்ததும் வீட்டுக்காரி புருவத்தை நெரிப்பாள். வந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

யோகம்மா தேநீர் வைத்தாள். புருவத்தை நெரித்தாள். மறுபடி நெரித்தாள்.

நல்லம்மாள் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப சந்தோஷம்க்கா. தை மாசமே வச்சிக்கலாம் லா."

யோகம்மாவின் கணவர் பரமநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. "நல்லது" என்றார்.

அவர்கள் போனதும் யோகம்மா சொன்னாள்: "நான் ஓமெண்டு சொல்லேல்லை."

"இல்லையெண்டும் சொல்லேல்லையே அம்மா" என்றாள் செல்வநாயகி.

"நெத்தியைச் சுருக்கினனான்."

"எங்கை, இப்ப சுருக்குங்கோ பாப்பம்."

யோகம்மா சுருக்கினாள். இருவரும் உற்றுப் பார்த்தார்கள்.

"ஒண்டும் தெரியேல்லை" என்றார் பரமநாதன். "வேண்டாமெண்டால் ஃபோன் எடுத்து வாயாலை சொல்லும்."

மாலையில் யோகம்மா ஃபோன் எடுத்தாள். செல்வநாயகி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சம்பந்தியா!" என்றாள் நல்லம்மாள். "உங்களப் பத்திதான் பேசிக்கிட்டிருக்கோம். அந்தம்மா மூஞ்சியக் காட்டியே வெரட்டிடும்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க. பஸ்ல வரும்போதே திரும்பிடலாமான்னு பாத்தேன்க்கா. வந்து பாத்தா, என்ன சாந்தமான முகம்!"

யோகம்மா நெற்றியைத் தடவினாள்.

"எல்லாரும் எண்டால் ஆர்?"

"எல்லாருந்தான்க்கா."

செல்வநாயகி ஃபோனுக்கு அருகே காதைக் கொண்டுவந்தாள்.

"தை வேண்டாம்" என்றாள் யோகம்மா. "தைப்பூச நேரம் மண்டபம் கிடையாது. வைகாசியிலை வையுங்கோ."