கூடையோடு எழும்பும் முழங்கால்

எனக்குப் பொறுமை குறைவு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்து அட்டன் கல்லூரி ஒன்றுக்கு உடற்பயிற்சி ஆசிரியையாக வந்த கையோடு எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது. கூடைப்பந்து அணிக்கு ஆள் தெரிந்த அன்றைக்கு அது பூரணியின் தலையில் விடியப் பார்த்தது.

டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அவள். அணியில் ஓர் இடம்தான் மிச்சம். கிடைத்தால் விடுதியில் இலவசமாகத் தங்கிப் படிக்கலாம். கிடைக்காவிட்டால் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போக வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் தாய் காளியாயி வேலியோரம் வந்து நின்றாள்.

மூன்று பந்தில் ஒன்றாவது வளையத்தில் விழ வேண்டும் என்றார் கல்லூரி அதிபர். முதல் பந்து வளையத்தைத் தொடவேயில்லை. இரண்டாவதும் அப்படியே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தப் போனவள், அவள் காலைப் பார்த்து நின்றுவிட்டேன். முழங்கால் மடங்கவேயில்லை. எறிவது கைதான், ஆனால் பலம் பாதத்தில் கிளம்பி, முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறித்தான் மணிக்கட்டுக்கு வரும். இவளோ அந்த வழியையே அடைத்துவிட்டுக் கம்பு மாதிரி நிற்கிறாள்.

ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் வளைந்தாலும் டவுன் பிள்ளைகள் 'கூடைக்காரி' என்று கேலி செய்வார்கள். அந்தப் பயத்தில் விறைத்துப் போயிருக்கிறாள், பாவம். லீவு நாளில் நிறைந்த கூடையோடு இவள் குந்தியிருந்து எழும்பியதை நான் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். குதிகாலை ஊன்றி, முழங்காலால் உந்தி, ஆடாமல் எழும்பினாள்.

கிட்டப் போனேன். "முதுகிலை கூடை நிறையக் கொழுந்து கிடக்கெண்டு நினை, பிள்ளை. அதோடை எழும்பி எறி."

"எல்லாரும் பாக்குறாங்க டீச்சர்."

"பாக்கட்டும். சிரிக்கிறவளை நான் பாத்துக்கொள்ளுறன்."

பூரணி தாயை ஒருதரம் பார்த்தாள். முழங்கால் மடங்கியது. எங்கேயோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நான் திரும்பி முறைப்பதற்குள் பூரணி எழும்பி எறிந்துவிட்டாள். பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி உள்ளே விழுந்தது. அதிபர் தலையாட்டினார்.

காளியாயி வேலியைத் தாண்டி வந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"நான் கூடையோட எந்திரிக்கிற மாதிரியேல்ல இவ எந்திரிக்கிறா" என்றாள்.

அப்படியென்றால் கூடையையே தூக்கட்டும் என்று மகளை இழுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று பயந்தேன்.

அவள் பந்தை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"கூடைய நானே தூக்கிக்கிறேங்க டீச்சர். இவ இதத் தூக்கட்டும்."