எடுத்த இடம்

மீன் மஞ்சளாக இருந்தது. ஆயிரம் அடிக்குக் கீழே கருகருவென்று வாழ்ந்து, கப்பலிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மீன், எங்கள் கல்லூரி ஆய்வக மேஜைமேல் வயிறு பிளந்து மஞ்சள் பூசிக்கொண்டு குழம்புக்குத் தயாராகப் படுத்திருந்தது. பக்கத்தில் பேபி நின்றாள். பேபி என்றால் குழந்தையில்லை. நாற்பது வயது, விலங்கியல் துறையின் அட்டெண்டர். வலது கையெல்லாம் மஞ்சள், முகமெல்லாம் திருப்தி.

"நீங்கதானேம்மா கெடாம பாத்துக்கோன்னு சொன்னீங்க," என்றாள். "ஒரே கொழகொழன்னு வழிஞ்சிகினு இருந்திச்சு. உப்பு போட்டு நல்லா தேச்சிட்டேன். ஹாஸ்டல்லேர்ந்து மஞ்சத்தூள் வாங்கியாந்தேன். இனிமே ரெண்டு நாளானாலும் ஒண்ணும் ஆவாது."

எனக்கு வேண்டியது அந்தக் கொழகொழப்புதான். வெயில் எட்டாத ஆழத்தில் வாழும் மீன்களின் தோலிலும் குடலிலும் கிருமிகள் கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கின்றன. அவற்றில் சில ஒளிரும். சில மீன்களுக்கு அதுதான் விளக்கு. எந்தெந்தக் கிருமிகள் ஒரே மீனில் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இதற்காக இரண்டு வருஷம் கப்பல்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் வரும்போதெல்லாம் எனக்கு மீன் நினைப்புதான். என் வயதுப் பெண்கள் வேறு எதையாவது நினைத்திருப்பார்கள். கடைசியில் மீன் வந்த அன்று, செய்முறை வகுப்புக்கு ஓடும் அவசரத்தில், பெட்டியைத் திறக்காதே என்று சொல்லாமல் கெடாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனேன். மீன் கெடாமலிருக்க எந்த வீட்டில் அதைக் குடலோடு விட்டுவைப்பார்கள்?

"குடல் எங்க?"

"குப்பைல போட்டு பினாயில் ஊத்திட்டேம்மா. நாறக்கூடாதில்ல?"

எனக்கு அழுகை வந்தது. அவளை ஓர் அறை அறையலாம் போலவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றபோதுதான் அவளுடைய இடது கையைப் பார்த்தேன். தேய்த்ததும் பூசியதும் வலது கை. இடது கை மீனின் தலையை அழுத்திப் பிடித்திருந்ததோடு சரி. நகங்களுக்கடியில் கறுப்பாக வழுவழுப்பு ஒட்டியிருந்தது.

"கையைக் கழுவிடாதே," என்றேன். கிருமி வளர்க்கக் கடல்தண்ணீர் கலந்த ஜெல்லி ஊற்றி வைத்திருந்த கண்ணாடித் தட்டை எடுத்து நீட்டினேன். "விரலை இதுல தேய்."

"பீச்சாங்கையாம்மா?" அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "படிக்கிற எடத்து சாமான்ல..."

"பீச்சாங்கைதான் வேணும்."

ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நான் தட்டை மூடி ஐஸ் பெட்டியருகே வைத்தேன். அதற்குப் பிறகுதான் என்ன நடந்துவிட்டது என்று நானே நிதானமாகச் சொன்னேன். பேபி மேஜையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.

பேபியின் புருஷன் குப்பன் இருந்த வேலை அது. அவன் செத்த பிறகு தற்காலிகமாக இவளுக்குக் கொடுத்தார்கள். நிரந்தர ஆர்டர் அந்த மாதக் கடைசியில் வரவேண்டும். பொழிச்சலூரில் மூன்று பிள்ளைகள் அதை நம்பியிருந்தன. ஆனால் போன வருஷம் அவள் ஒரு பெட்டி ஸ்லைடுகளைச் சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவி வைத்திருந்தாள். நாங்கள் ஆறு மாதம் உட்கார்ந்து சேர்த்த மாதிரிகள் அவை. இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று துறைத் தலைவர் சுந்தரராமன் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் ஆராய்ச்சி நோட்டுகளை வாங்கி வரி விடாமல் படிப்பார்.

அந்த நோட்டில் ஒரு கட்டம் உண்டு: எடுத்த இடம். மீனின் தோல் என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் தட்டில் முளைப்பவற்றில் எது மீனுடையது, எது பேபியுடையது? நாளைக்கு யாராவது என் எழுத்தை நம்பி, பொழிச்சலூர்க் கிணற்றுக் கிருமியை ஆழ்கடலில் சேர்த்துவிடுவார்கள். கை என்று எழுதினால் வெள்ளிக்கிழமையே சார் கூப்பிடுவார். இரண்டு நாள் அந்தக் கட்டத்தைக் காலியாகவே வைத்திருந்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு போட்டோ கழுவும் இருட்டறைக்குப் போனேன். பேபியையும் கூட்டிக்கொண்டேன், அவள் விரல், அவளும் பார்க்கட்டும். நோட்டும் பேனாவும் என் மடியில் இருந்தன. கதவைச் சாத்தியதும் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று பத்து நிமிஷம் போல உட்கார்ந்திருந்தோம். பிறகு மேஜையில் வைத்த தட்டில் நீலமும் பச்சையுமாக ஏதோ கசிந்தது. ஒன்று, இரண்டு, நாலு. கட்டைவிரல் கடைசியில் மங்கலாக வந்தது.

"இன்னாம்மா இது," என்றாள் மெதுவாக. "என் கையா?"

"உன் கை பட்ட இடம்."

அவள் முக்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"நோட்டுல இன்னா எழுதப் போறீங்க?"

"தோல்னு எழுதிட்டா யாரும் கேக்க மாட்டாங்க, பேபி."

"கைன்னு எழுதினா?"

"சார் கேப்பார். உன் ஆர்டர்..."

வளையல் நகரும் சத்தம் கேட்டது. அவள் இடது கையைத் தட்டுக்குமேல் கொண்டுவந்தாள். கண்ணாடியைத் தொடாமல், ஒவ்வொரு விரலையும் அதனதன் இடத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாக வெளிச்சம் மறைந்து அறை முழு இருட்டானது.

"தோல்லேர்ந்து எடுக்கலியேம்மா," என்றாள். "இங்கேர்ந்துதானே எடுத்தீங்க?"

நான் பேனாவைத் திறந்தேன். எழுத வெளிச்சமில்லை. அவள் கையை எடுத்தாள்.